திருப்பிப் போட்ட புல்பத்தை

இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடம் ஒரு பழைய வித்தை இருக்கிறது. புல்தரையும் பூப்பாத்தியும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு துண்டு இடிந்து விழுந்துவிட்டால், அவர்கள் அந்த இடிசலை அடைக்க முயல்வதில்லை. இடிந்த இடத்தையும் அதற்குப் பின்னால் நல்லபடியாக இருக்கும் புல்லையும் சேர்த்து ஒரு செவ்வகப் பத்தையாக வெட்டுகிறார்கள். வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெடுத்து, முன்புறம் பின்புறமாகும்படி திருப்பி, அதே குழியில் வைத்துவிடுகிறார்கள். இதுவரை உள்பக்கம் இருந்த நேர்வெட்டு வெளியே வந்து புது ஓரமாகிவிடுகிறது. இடிசல் உள்ளே போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தில் மண்ணை நிரப்பி விதை தூவினால் வேலை முடிந்தது.

யோசித்தால் ஒரு விஷயம் உறுத்தும். காயம் அப்படியேதான் இருக்கிறது; அளவுகூடக் குறையவில்லை. முன்பு ஓரத்தில் இருந்தது, இப்போது ஓரடி தள்ளி உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். அதே மண், அதே புல், அதே மழை. ஆனால் ஓரத்தில் இருந்தபோது ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போன பள்ளம், உள்ளே வந்ததும் இரண்டு மாதத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்கிறது. ஆற்றிக்கொள்ளும் சக்தி புல்லுக்கு நிறையவே உண்டு. ஓரம் என்கிற இடம்தான் ஆறவிடுவதில்லை. அங்கே அப்படி என்ன நடக்கிறது?

முதலில் அந்த ஓரம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்து வீட்டுத் தோட்டத்தில் ஓரம் என்பது வெட்டி உண்டாக்கிய ஒரு குட்டிச் சுவர். புல்தரை ஏழெட்டு செ.மீ. உயரத்தில் செங்குத்தாக முடியும். அதன் காலடியில் பாத்தி மண் தொடங்கும். புல் பாத்திக்குள் ஊர்ந்து வரக் கூடாது, பாத்தி மண் புல்மேல் சிதறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இதை வெட்டுவதற்கென்றே ஒரு கருவி உண்டு. நீண்ட கைப்பிடியின் முனையில் அரைவட்டத் தகடு, பெயரும் அரைநிலாதான். கயிறு கட்டி, பலகை போட்டு, தகட்டின் மேல் காலை வைத்து அழுத்தி, இம்மி பிசகாமல் நேராக வெட்டுவார்கள். அந்த நேர்கோட்டின் மேல் ஆங்கிலேயருக்கு இருக்கும் மோகம் வெளியாட்களுக்குச் சற்று வேடிக்கையாகத்தான் தெரியும். கேம்பிரிட்ஜின் பெரும்பாலான கல்லூரிகளில், ஃபெல்லோ எனப்படும் மூத்த கல்லூரி உறுப்பினர்களைத் தவிர வேறு யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட புல்தரை பெரிய சீமான்களின் மாளிகைகளுக்கு மட்டுமே கட்டுப்படியானது. பனி ஈரம் காய்வதற்குள் வரிசையாக நின்று அரிவாள் வீச ஒரு பட்டாளமே வேண்டும், அல்லது ஆட்டுமந்தை வேண்டும். 1830இல் குளோஸ்டர்ஷர் மாவட்டத்தின் ஸ்ட்ரௌட் ஊர்ப் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். துணியின் மேல் நிற்கும் பிசிறைச் சீராகக் கத்தரிக்கும் உருளைக்கத்தி இயந்திரம்தான் அவருக்கு யோசனை தந்தது. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலை அவருடைய ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று. பிறகு நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கும் புல்தரை வந்தது. புல்தரையோடு ஓரமும் வந்தது.

ஓரம் பெருகுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் புல்தரைக்கு ஓரம் 40 மீட்டர். நடுவில் 2 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டப் பூப்பாத்தி வெட்டினால், புல்லின் பரப்பில் சுமார் 3 சதுர மீட்டர்தான் குறையும், அதாவது நூற்றுக்கு மூன்று. ஓரமோ 6 மீட்டருக்கு மேல் கூடிவிடும், நூற்றுக்குப் பதினாறு. விக்டோரியா காலத்துத் தோட்டங்களில் இப்படிப்பட்ட தீவுப் பாத்திகளை வட்டம், பிறை, நட்சத்திரம் என்று வெட்டித் தள்ளினார்கள். வேலையாட்களுக்குக் கூலி மலிவாக இருந்தவரை யாருக்கும் கவலையில்லை.

ஓரத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் பாத்திப் பக்கம் மண்டியிட்டு உட்கார வேண்டும். அண்மையில் வெட்டிய முகம் என்றால் அடுக்கு அடுக்காகத் தெரியும். மேலே பச்சை இலை. அதன் அடியில் ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில், செத்த தண்டும் சருகும் பின்னிக்கிடக்கும் வெளிர்பழுப்பு மெத்தை. அதற்குக் கீழே நாலைந்து செ.மீ. ஆழத்துக்கு மண்ணைவிட வேர்தான் அதிகமோ என்று தோன்றுமளவு சல்லிவேர்கள். அப்புறம் வேர்கள் சட்டென்று குறைந்து வெறும் மண் வந்துவிடும். நடுவே எங்காவது பென்சில் கனத்தில் ஒரு மண்புழு வளை, குறுக்கே அறுபட்டு வாய் திறந்திருக்கும். அடிக்கடி ஒட்ட வெட்டப்படும் புல் வேரை ஆழமாக விடுவதில்லை. இலை குறைந்தால் வேருக்குப் போகும் சர்க்கரையும் குறையும். அதனால் புல்தரையின் வலு எல்லாம் மேல் பத்து செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

அந்தப் பத்து செ.மீ.யைக் குறைவாக எடைபோடக் கூடாது. 1937இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹோவர்ட் டிட்மர் என்ற தாவரவியலாளர், ஒரே ஒரு ரை செடியை (ரொட்டிக்குப் பயன்படும் தானியம்) சுமார் 30 செ.மீ. சதுரமும் 55 செ.மீ. ஆழமும் கொண்ட மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி, வேர்களை அளந்தார். மொத்த நீளம் 620 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வேர்த்தூவிகளைச் சேர்த்தால் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தனியாக, தாராளமாக வளர்ந்த செடி அது. புல்தரை நெரிசலில் ஒரு செடிக்கு இதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஆனால் ஒரு புல்பத்தையைக் கையில் தூக்கினால் மண் உதிராமல் ஒரே துண்டாக வருவது எதனால் என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடுகிறது.

மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வேர் இழுவையைத் தாங்கும். இரண்டும் சேரும்போது கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்ததுபோல் ஆகிறது. ஆனால் கம்பிக்கு இரு பக்கமும் பிடிமானம் வேண்டும். வெட்டுமுகத்தில் வேர்கள் எல்லாம் அறுபட்டு அந்தரத்தில் முடிகின்றன. கடைசி சில செ.மீ. மண்ணில் வேர் இருந்தும், வெளிப்புறமாகச் சரியும் மண்ணைப் பிடித்து இழுக்க எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கடைசிச் சில செ.மீ. மேல்தான் நாம் கால் வைக்கிறோம்.

கால் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஒரு கணக்கு போடப்பட்டது. லுட்விக் பிராண்டல் என்ற பெயர் விமான இறக்கை பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். காற்றோட்டத்தின் எல்லைப்படலத்தைக் கண்டுசொன்னவர். அவரே 1920இல் உலோகத்தில் ஒரு கடினமான முளையை அழுத்தினால் எப்போது உள்ளே இறங்கும் என்று ஆராய்ந்தார். அந்தக் கணக்கை மண் பொறியாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஈரக் களிமண் சமதரையில், அதன் பிணைவுவலிமையைப் போல் 5.14 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். காரணம் இதுதான்: கால் கீழே இறங்க வேண்டுமானால், காலடி மண் கீழும் பக்கவாட்டிலும் நகர்ந்து, பிறகு அக்கம்பக்கத்துத் தரையைப் புடைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அக்கம்பக்கத்து மண் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இதே கணக்கைச் செங்குத்து வெட்டின் விளிம்புக்குப் போட்டால் விடை 5.14 அல்ல, 2. ஒரு பக்கம் வெறும் காற்று என்பதால் மண்ணுக்குச் சுற்றிவளைத்துப் போக வேண்டிய அவசியமில்லை. ஒரு சாய்வான தளத்தில் வழுக்கி நேராகப் பாத்திக்குள் விழுந்துவிடலாம்.

ஆக, அதே மண் ஓரத்தில் நாற்பது சதவீத பலம்கூட இல்லாமல் நிற்கிறது. சும்மா நிற்கும்வரை பிரச்சினையில்லை, எட்டு செ.மீ. உயரத்தைத் தன் கனத்தால் இடித்துக்கொள்ளும் அளவுக்கு மண் பலவீனமானதல்ல. ஒரு குதிகால், தள்ளுவண்டியின் ஒற்றைச் சக்கரம், புல்வெட்டியின் வெளிச்சக்கரம், இவற்றில் ஏதாவது ஒன்று மழைக்கு மறுநாள் வந்தால் போதும். நீர் ஊறியதும் பிணைவு குறைந்துவிடும், தாங்குதிறனும் அதே விகிதத்தில் இறங்கிவிடும். இங்கிலாந்தில் மழைக்கு மறுநாள் என்பது ஏறக்குறைய எல்லா நாளும்தான்.

குளிர்காலத்தில் யாரும் மிதிக்காமலேயே ஓரம் உதிரும். உறையும்போது நீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது, அதனால்தான் மண் வெடிக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். தென் கரோலினாவில் இருந்த நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் ஒரு குறும்பான சோதனை செய்தார். மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். ஆனாலும் மண் மேலே எழும்பியது! விரிவு மட்டும் காரணமில்லை என்று ஆகிவிட்டது. உறையத் தொடங்கிய இடம், உறையாத மண்ணிலிருந்து நுண்துளைகள் வழியே திரவத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது தகடு தகடாகச் சேர்ந்து மண்ணைப் பிளக்கிறது. புல்தரையின் நடுவில் குளிர் மேலிருந்து மட்டும்தான் இறங்கும், அதற்கும் புல்லும் சருகும் போர்வை. ஓரத்தில் மொட்டையான வெட்டுமுகமும் குளிரைப் பார்த்து நிற்கிறது. உறைபனி இரவுக்குப் பின் காலையில் போய்ப் பார்த்தால், அந்த முகத்திலிருந்து மயிரிழைப் பனி ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு மண் துணுக்கு. வெயில் பட்டதும் ஊசி உருகும், துணுக்கு பாத்தியில் விழும். ஒரு இரவில் சில மில்லிமீட்டர்தான். ஆனால் குளிர்காலத்தில் இரவுகளுக்குப் பஞ்சமில்லை.

கோடையில் இதே முகம் வழியாக மண் காய்கிறது. வேர்நுனி காற்றைத் தொட்டால் கருகி நின்றுவிடும். பாத்திச் செடிகள் சாய்ந்து மூடினால் அடியில் புல் வெளிறும். இவையெல்லாம் சில்லறைக் காரணங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓரத்துப் புல் நோஞ்சானாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். உண்மை நேர்மாறானது. நன்றாக இருக்கும் ஓரத்தில் புல் அடர்த்தியாக, பாத்திமேல் கவிழ்ந்து தொங்குமளவு செழிப்பாக இருக்கும். அதைக் கத்தரிப்பதற்கென்றே நின்றபடி வெட்டும் நீண்டபிடிக் கத்தரி இருக்கிறது. செழிப்புக்குக் காரணம் வெளிச்சம். வெளிச்சத்தின் அளவைவிட அதன் நிறம். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத தொலைசிவப்பு ஒளியை விட்டுவிடுகின்றன. ஆகவே நெரிசலில் அடித்தண்டுக்கு வந்து சேரும் ஒளியில் சிவப்பு குறைவு, தொலைசிவப்பு அதிகம். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை அளந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறது, தூர் கட்டாதே என்று செடிக்குத் தகவல் தருகிறது. நெற்பயிரில் விவசாயிகள் தூர் என்று சொல்லும் அதே பக்கக் கிளைதான் இது. 1980களில் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் மேய்ச்சல் நிலத்துப் புற்களின் அடித்தண்டுக்கு அருகே சின்னஞ்சிறு சிவப்பு விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். உணவாகும் அளவுக்கு அந்த ஒளியில் சக்தி கிடையாது. ஆனாலும் புல் கூடுதலாகத் தூர் கட்டியது. ஓரத்துப் புல்லுக்கு ஒரு பக்கம் திறந்த வெளி. விளக்கு இல்லாமலேயே அந்தச் செய்தி கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் இடிசலைத் தானே நிரப்ப வேண்டியதுதானே? இங்கேதான் புல்லின் உடலமைப்பு குறுக்கே வருகிறது.

புல்லின் ஆக்குத்திசு நுனியில் இல்லை. இலையின் அடியில், தரையை ஒட்டிய கழுத்துப் பகுதியில் இருக்கிறது. மேய்ச்சல் விலங்குகளோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த குடும்பம் அது. நுனியைக் கடித்தாலும் கத்தரித்தாலும் அடியிலிருந்து இலை தள்ளிக்கொண்டே வரும். மேலிருந்து வரும் சேதம் எதுவானாலும் புல்லுக்குப் பொருட்டில்லை. கழுத்தோடு சேர்த்து மண் பெயர்ந்து விழுந்தால் கதை வேறு. காலியான இடத்துக்குப் புது ஆள் பக்கவாட்டில்தான் வந்தாக வேண்டும். இங்கிலாந்துப் புல்தரைகளில் உழைக்கும் புல்லான பல்லாண்டு ரைப்புல் தூர் கட்டும், குத்தாகப் பருக்கும். ஆனால் ஊர்ந்து போகாது. படரும் செந்நிற ஃபெஸ்க்யூவுக்கும் வழவழப்புத் தண்டுப் புல்வெளிப்புல்லுக்கும் மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டு உண்டு. அவை நகரும், ஆனால் மெதுவாக. அதுவும் முன்னால் மண் இருந்தால்தான். இடிந்த ஓரத்தில் முன்னால் இருப்பது வெற்றிடம். நீளும் தண்டு காற்றில் தலைநீட்டி, வேர்பிடிக்க ஈர மண் கிடைக்காமல் காய்ந்துபோகும், அல்லது அடுத்த வாரம் கத்தரியில் போகும்.

விம்பிள்டன் டென்னிஸ் தரையில் 2001இலிருந்து முழுக்க முழுக்க ரைப்புல்தான். அதற்கு முன் முப்பது சதவீதம் ஃபெஸ்க்யூ கலந்திருந்தது. மிதிபடுவதைத் தாங்குவதில் ரைப்புல்லுக்கு நிகரில்லை என்பதால் மாற்றினார்கள். எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டப்பட்டு இரண்டு வாரம் மிதிபட்ட பிறகு, ஆட்டக்காரர்கள் நின்று நின்று தேய்ந்த பின்கோட்டுப் பகுதி மொட்டைத் தரையாகிவிடும். படரத் தெரியாத புல் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் போட்டி முடிந்ததும் விதைத்துத்தான் மீட்கிறார்கள்.

நம் ஊரில் இந்தத் தொல்லை தலைகீழ். அருகம்புல்லுக்கு மண்மேல் ஓடுதண்டு, மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு இரண்டுமே உண்டு. கணுவுக்குக் கணு வேர்விடும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். வயலில் வரப்பின் அண்டையை ஒவ்வொரு போகத்துக்கும் மண்வெட்டியால் வெட்டிச் செதுக்குவார்கள், அருகு மறுபடி வந்து வரப்பைப் பிடித்துக்கொள்ளும். கல்யாண வாழ்த்தில் அருகைச் சேர்த்தவர்கள் அதன் வேரைப் பார்த்துத்தான் சேர்த்திருப்பார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வுப்பண்ணையில் இதே அருகை ஓர் ஆப்பிரிக்க உறவுப்புல்லோடு சேர்த்து 1960இல் வெளியிட்ட கலப்பினம் வெப்பநாட்டு கோல்ஃப் திடல்களிலும் விளையாட்டரங்குகளிலும் பரவிக் கிடக்கிறது. அருகுத்தரையின் ஓரம் உடைந்தால் கொஞ்சம் மண்ணைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். அது தானே வந்துவிடும். பாதைக்கும் சேர்த்து வந்துவிடும் என்பதுதான் சிக்கல். குளிர்நாட்டு ரைப்புல்லிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. பத்தையைத் திருப்பும் வித்தை அங்கே பிறந்ததில் வியப்பில்லை.

இனி அந்த வேலையை அருகிலிருந்து பார்க்கலாம். செப்டம்பர்தான் தோது. கோடை வெயில் குடித்த சூடு மண்ணில் மிச்சமிருக்கும், மழை திரும்பியிருக்கும், புல் மேலே வளர்வதைக் குறைத்துக்கொண்டு வேரில் கவனம் செலுத்தும். தவறினால் ஏப்ரல். மண் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் விதை முளைக்கத் தயங்கும்.

ஓரத்தை ஒட்டி ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிட வேண்டும். எடை பரவாவிட்டால், ரிப்பேர் செய்ய வந்தவரின் முழங்காலே அடுத்த இடிசலை உண்டாக்கிவிடும். இடிசலைவிடப் பெரிதாக, இரு பக்கமும் ஒரு சாணும் பின்னால் ஓரடியும் நல்ல புல் வருமாறு செவ்வகம் குறிக்கிறார்கள். பின்பக்க வெட்டு மிக நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அதுதான் ஓரம். செவ்வகத்தின் மூலைகள் செங்கோணமாக இல்லையென்றால் திருப்பி வைக்கும்போது பொருந்தாது. சதுரமாக வெட்டிப் பக்கவாட்டில் திருப்பினால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்தால் இடிசல் பக்கத்துப் பத்தையை ஒட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு பிளவாகப் போய் நிற்கும். பாதி வேலைதான் ஆகும்.

பிறகு மண்வெட்டியைக் கிட்டத்தட்ட படுக்கையாகச் செலுத்தி, ஐந்து செ.மீ. கனத்தில் அறுத்து எடுக்கிறார்கள். இந்த ஐந்து செ.மீ.யில் ஒரு பேரம் இருக்கிறது. கனம் குறைந்தால் வேர் மிகுதியாகப் போய்விடும், பத்தை உடையும். கூடினால் தூக்க முடியாத பாரம். மேலும் ஆழத்து மண்ணில் வேர் இல்லாததால் அடிப்பாகம் உதிரும். எப்படி வெட்டினாலும் வேரின் கீழ்ப்பகுதி அறுபடத்தான் செய்யும். புல் அதற்காகக் கவலைப்படுவதில்லை. விதையிலிருந்து வந்த முதல் வேரை நம்பி வாழும் செடி அல்ல அது. கழுத்திலிருந்தும் கணுக்களிலிருந்தும் வேற்றிட வேர்களை எப்போது வேண்டுமானாலும் விடும். இரண்டு மூன்று வாரத்தில் பத்தையின் மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் தூக்க வராது.

அதுவரை அது வாழ்வது அடிமண்ணிலிருந்து ஊறி வரும் ஈரத்தில். நுண்துளைகள் வழியாக நீர் மேலேற வேண்டுமென்றால் பத்தையின் அடியும் குழியின் தரையும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். விரல் கனத்துக்கு ஒரு காற்றிடம் இருந்தாலும் அந்தப் பாதை அங்கே அறுந்துவிடும், மேலே புல் வட்டமாகப் பழுத்துப்போகும். அதனால் முதலில் குழியின் தரையை முள்கரண்டியால் கிளறிப் பொலபொலப்பாக்கி, மட்டம் பார்த்து, பத்தையைத் திருப்பி வைத்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி அமர்த்துகிறார்கள். அக்கம்பக்கத்தைவிட ஒரு நூலளவு உயரமாக வைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். மண் இறுகும்போது சமமாகிவிடும். தாழ்ந்துவிட்டால் தண்ணீர் நிற்கும், உயரம் மிகுந்துவிட்டால் புல்வெட்டி கழுத்தோடு மொட்டையடிக்கும்.

இப்போது உள்ளே வந்துவிட்ட பள்ளத்தை நிரப்ப வேண்டும். சல்லடையில் சலித்த தோட்டமண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய எருவும் கலந்து, இரண்டு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையும் விரலால் அமுக்கி, இடுக்குகளுக்குள்ளும் அதே கலவையைத் தள்ளி அடைத்தால் நிரப்பும் வேலை முடிந்தது. விதையில் மட்டும் கை தாராளமாக இருக்கலாம். ரைப்புல் விதை ஒரு கிராமுக்கு சுமார் 500 இருக்கும். புல்தரைக்குச் சேர்க்கும் இன்னொரு வகையான பென்ட் புல்லின் விதை அதைவிட எத்தனையோ பொடி, கிராமுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு சிட்டிகை போதும். ரைப்புல் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை காட்டும். புல்வெளிப்புல் மூன்று வாரமாவது எடுத்துக்கொள்ளும்.

முளைத்ததெல்லாம் பிழைக்காது. கென்ட் மாவட்டத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் டார்வின் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, தானாக முளைத்த களைக் கன்றுகளை ஒன்றுவிடாமல் அடையாளமிட்டார். 357 கன்றுகளில் 295 அழிந்தன, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளாலும் பூச்சிகளாலும். வேறு செடிகளின் நெருக்கடி இல்லாத மொட்டை நிலத்திலேயே இந்தக் கதி. ஆகவே விதையைத் தாராளமாகத் தூவி, மேலே மெல்லிய மண்தூவல் போட்டு, குருவிகளுக்கு ஒரு வலை கட்டிவிடுவது நல்லது.

உள்ளே வந்த பள்ளம் ஏன் மூடிக்கொள்கிறது என்பது இப்போது தானாகவே விளங்கும். நான்கு பக்கமும் மண்சுவர். போட்ட மண் எங்கும் சரிந்தோட முடியாது. கால் வைத்தால்கூட 2 அல்ல, 5.14. குளிர் மேலிருந்து மட்டும், காய்ச்சலும் மேலிருந்து மட்டும். சுற்றியுள்ள புல்லுக்கோ நடுவில் திடீரென்று ஒரு வெளிச்சத் துளை கிடைத்திருக்கிறது; அதைப் பார்த்துத் தூர் கட்டும். ஃபெஸ்க்யூ இருந்தால் நான்கு பக்கமிருந்தும் தண்டு நீளும், இம்முறை அதற்கு முன்னால் ஈரமண் இருக்கிறது. போதாததற்கு மண்புழுக்கள். இங்கிலாந்து மண்ணில் பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேல் மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று டார்வினே 1881இல் எழுதினார். வெட்டிய இடத்தின் இடுக்குகளை அவை சில மாதத்தில் தைத்துவிடும். இப்படி, ஓரத்தில் எதிராக நின்ற ஒவ்வொன்றும் உள்ளே வந்ததும் துணைக்கு வந்துவிடுகிறது.

இதே பாகுபாடு புல்தரையைவிடப் பெரிய இடங்களிலும் அளக்கப்பட்டிருக்கிறது. பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே, மேய்ச்சலுக்காக அமேசான் காட்டை வெட்டியபோது, 1979இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிவைத்த ஆய்வில் சிறியதும் பெரியதுமான காட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவைத்துக் கண்காணித்தார்கள். வெட்டு விளிம்பிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கும் பெருமரங்கள், உட்காட்டு மரங்களைவிட வேகமாகச் சாகின்றன. பக்கவாட்டுக் காற்றும் வறட்சியும் அங்கே உள்ளே புகுந்துவிடுகின்றன. உட்காட்டில் ஒரு மரம் விழுந்தால் அந்த இடைவெளி சில ஆண்டுகளில் மூடும். விளிம்பில் விழுந்தால் விளிம்பு உள்ளே நகரும். காட்டைப் பத்தையாக வெட்டித் திருப்பி வைக்க வழியில்லை.

தோட்டத்திலும் எல்லா இடிசலுக்கும் திருப்புதல் பொருந்தாது. ஓரம் முழுக்க அலை அலையாக நெளிந்திருந்தால், கயிறு கட்டி ஓரமாக ஒரு கீற்று வெட்டி எறிந்துவிடுவதே சுலபம். சோம்பேறி வழிதான், ஆனால் வேலை செய்கிறது. அதற்கு விலை உண்டு: ஆண்டுக்கு ஒரு செ.மீ. வெட்டினாலும் இருபது ஆண்டில் பாத்தி ஒரு சாண் அகலமாகி, புல்தரை அந்த அளவுக்கு இளைத்துவிடும். வீடு வாங்கும்போது இருந்த வட்டப் பாத்தி, பிள்ளைகள் பெரியவர்களானபோது எப்படி இவ்வளவு பெரிதானது என்று வியப்பவர்கள் அரைநிலாவைத்தான் கேட்க வேண்டும்.

மண்ணுக்கு இல்லாத எதிர்ப்பக்கத்தைச் செயற்கையாகக் கொடுப்பது இன்னொரு வழி. இரும்புத் தகடு பதிக்கலாம், செங்கல் வரிசை வைக்கலாம். இரண்டிலும் செங்கல்தான் எனக்குப் பிடிக்கும். தகடு மண்ணைப் பிடித்து நிறுத்துமே தவிர, சக்கரத்தின் பாரத்தை வாங்காது. பிளாஸ்டிக் பட்டையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், இரண்டு குளிர்காலத்தில் உறைபனி அதை மேலே தள்ளிவிடும். செங்கல்லைப் புல்லின் தரைமட்டத்தைவிட ஒரு செ.மீ. தாழ்த்தி வைத்தால் புல்வெட்டியின் வெளிச்சக்கரம் கல்லின் மேல் ஓடும், கத்தி கல்லில் படாது. நீண்டபிடிக் கத்தரிக்கும் பாதி வேலை மிச்சம்.

திருப்பி வைத்த பத்தை ஒரே ஆண்டில் அதே மூலையில் மறுபடி இடிந்தால், மண்ணையோ விதையையோ மாற்றிப் பயனில்லை. அந்த மூலை யாருக்கோ குறுக்குவழி: தபால்காரர், குப்பைத்தொட்டியை இழுத்துப் போகிறவர், பந்தைத் தேடி ஓடும் பிள்ளை. அவர்கள் கால் விழும் இடத்தைப் பார்த்து மூன்று தட்டைக் கற்களைப் பதித்துவிட வேண்டும், அவற்றையும் புல்லைவிட ஒரு செ.மீ. தாழ்த்தி.